மதியத்தில் மட்டும் உறைந்துபோன ஆஸ்பத்திரி

மதியம் 2.20. ஆஸ்பத்திரி செத்துப்போனது.

நான்கு மாடி, பின்னால் பெரிய தோட்டம், குழந்தைகளுக்கென்றே தனியாக ஒரு வார்டு. இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் வெறும் கோடுகளாகத்தான் இருந்தது. அந்தக் கோடுகள்தான் இப்போது கட்டையைப் போலக் கிடந்தன. மவுஸை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றது. திரை மெல்ல வெளுத்தது. ‘பதில் இல்லை’ என்று மேலே ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது.

“போச்சு. மறுபடியும் ஹேங்,” என்றாள் ஸ்கேல்.

அது அவள் நிஜப் பெயர் அல்ல. நிஜப் பெயரை அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு கதவு அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் அழித்துத் திரும்பப் போடுகிறவள் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. பாராட்டா கிண்டலா என்பது கூப்பிடுகிறவரின் வாயைப் பொறுத்தது.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் அவளுடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். போலீஸ் இன்ஸ்பெக்டர். இன்று விடுப்பு, அதனால் சீருடை இல்லை. ஆனாலும் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்துவிட்டு எல்லாரும் காலையிலிருந்தே கொஞ்சம் மெதுவாகத்தான் பேசினார்கள்.

அவள் இங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. நேற்று இரவு தங்கை சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அக்கா விடவில்லை. எத்தனையோ திருடர்களின் வாயைத் திறந்தவளுக்குத் தங்கையின் வாயைத் திறக்க அதிக நேரம் ஆகவில்லை.

ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் ஒரு பெயர்க் கட்டம் இருக்கும். அதில் ‘வரைந்தவர்’ என்று ஓர் இடம். சின்னச் சின்ன வீடுகள், கடைகள் என்று இதுவரை அந்த இடத்தில் தன் பெயரைப் போட்டு வந்தவளுக்கு முதல் பெரிய கட்டடம் இந்த ஆஸ்பத்திரி. இன்று மாலை ஐந்துக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் ஷீட்டுகளை வாங்க வருகிறார்கள். படம் இப்படியே உறைந்துகொண்டிருந்தால் ஃபைலை அப்படியே வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அப்புறம் ‘வரைந்தவர்’ இடத்தில் வேறு யாரோ ஒருவரின் பெயர்தான் வரும்.

உள் அறைக் கதவு திறந்தது. முதலாளி வந்தார். இந்த அலுவலகத்தைத் தொடங்கிய பெரியவரின் மகன் என்பதால் அவருக்குச் சின்னவர் என்று பெயர். தலையில் பாதி முடி போய், மீதி நரைத்து, பேரன் எடுத்த பிறகும் இங்கே சின்னவர்தான்.

“போன்ல ஒரு மீட்டிங். முடிச்சிட்டு வர்றேன், இங்க பாத்தா மறுபடியும் இழவு வீடு,” என்றார். இடது கன்னத்தில் நீளமாக ஒரு சிவந்த கோடு, அதன் ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் தையல் தடம் போல ஏதோ இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே திரையைப் பார்த்தார்.

“ஒண்ணு மெஷின் கோளாறு, இல்ல கைக் கோளாறு. மெஷின் போன வாரம்தான் புதுசு வாங்கினேன். அப்போ என்ன அர்த்தம்மா?”

ஸ்கேல் மவுஸை இன்னொருமுறை அசைத்துப் பார்த்தாள். காது சிவந்தது.

“கேட்டா, வீட்ல இருக்கிற ஓட்டை லேப்டாப்ல இதே ஃபைல் நல்லா ஓடுதுங்கற. நம்புற மாதிரியா இருக்கு?”

“சார்,” என்றாள் அக்கா. “நான் நாலு கேள்வி கேக்கலாமா?”

“இது திருட்டுக் கேஸ் இல்லையே மேடம்.”

“திருட்டுதான். ஒரு மாசமா என் தங்கச்சியோட மத்தியானத்தை யாரோ திருடிட்டுப் போறாங்க.”

சின்னவர் கையை விரித்தார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அக்கா நாற்காலியைத் தங்கை பக்கம் திருப்பினாள்.

“எப்பலேர்ந்து இப்படி?”

“ஒரு மாசமா கா.”

“எந்நேரமும் இப்படித்தானா?”

“இல்ல. காலைல பறக்குது. சாப்பிட்டு வந்து உக்காந்தா செத்துடுது.”

“எதைத் தொட்டா?”

“ஃபைலைத் தொறந்தா. சேவ் பண்ணா. ஒரு ஷீட்லேர்ந்து அடுத்த ஷீட்டுக்குப் போனா. ஆனா ஒரே ஷீட்டுக்குள்ள கோடு போட்டுக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகல.”

“நீ என்ன வைத்தியம் பாத்தே?”

“பண்ணாத வைத்தியம் இல்ல. வேண்டாத குப்பை எல்லாம் துடைச்சேன். ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து கிடந்த கோடுகளை எல்லாம் எடுத்தேன். வைரஸ் பாத்தேன். வெளியிலேர்ந்து சேர்த்த படமெல்லாம் சரியா வந்திருக்கான்னு பாத்தேன். ஒரு குறை இல்ல.”

“இதெல்லாம் எப்போ பாத்தே?”

“காலைலதான். மத்தியானம் அது தொடவே விட மாட்டேங்குதே.”

அக்கா தலையாட்டினாள். நோயாளி நன்றாக இருக்கும் நேரம் பார்த்து நாடி பிடித்திருக்கிறாள் தங்கை. தப்பு சொல்ல முடியாது. காய்ச்சல் நேரத்தில் கையே கொடுக்காத நோயாளி அது.

அடுத்த ஆள், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தோட்ட வரைவாளர். அந்த அலுவலகத்தில் ஸ்கேலைத் தவிர வரைகிறவர் அவர் ஒருவர்தான். ஆஸ்பத்திரித் தோட்டத்து மரங்கள் அவர் பொறுப்பு. பெயர் இலை. மற்றவர்கள் மரம் என்றால் ஒரு வட்டம் போட்டு முடிப்பார்கள். இவர் இலை இலையாக வரைவார்.

“ஒரு மரத்துக்கு எவ்வளவு இலை போடுவீங்க?”

“எண்ணினது இல்ல மேடம். ஆனா ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது,” என்றார் இலை. குரலில் பெருமை தாங்கவில்லை.

சின்னவர் தொடையில் தட்டினார். “கெடுத்தான் குடியை. கோடானு கோடி இலை. ஃபைல் எப்படி நகரும்?”

“காலைலயும் இதே இலைதானே சார்,” என்றாள் ஸ்கேல். “காலைல நகருதே.”

தன் கழுத்துக்குக் கத்தி வந்திருக்கும் நேரத்தில் இன்னொருவரின் கழுத்தைக் காப்பாற்றுகிறாள் என்பதை அக்கா மனதில் குறித்துக்கொண்டாள். இருந்தாலும் சந்தேகம் தீர வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். ஃபைலைத் திறக்கவே ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. ஸ்கேல் மரங்களை மொத்தமாகக் கழற்றி வெளியே எடுத்தாள். மொட்டைத் தோட்டத்தோடு சேவ் கொடுத்தாள். திரை வெளுத்தது. ‘பதில் இல்லை.’

“மரங்களுக்கு விடுதலை,” என்றாள் அக்கா. “இலை சார், உங்க ஃபைல் ஹேங் ஆகுமா?”

“ஒரு நாளும் ஆனதில்ல. இத்தனை இலை இருந்தும்,” என்றார் அவர், இப்போது கொஞ்சம் ரோஷமாக. “நான் வெறும் தாள்ல தொடங்குறவன். பார்டர், பெயர்க் கட்டம் ஒண்ணும் கிடையாது. தாய் ஃபைல் பக்கமே போக மாட்டேன்.”

“தாய் ஃபைலா? அது என்ன?”

இதற்குச் சின்னவரே பதில் சொன்னார். கேட்டதற்காகவே காத்திருந்தவர் போல நெஞ்சு நிமிர்ந்தது. “எங்கப்பா கம்ப்யூட்டர்ல போட்ட முதல் டிராயிங் மேடம். அதைத் தொறந்து, வேற பேர்ல சேவ் பண்ணித்தான் இங்க எந்த வேலையும் தொடங்கும். உள்ள இருந்த வீட்டை எடுத்துட்டோம். பார்டரும் கட்டமும் இன்னும் அவரோடதுதான். ராசியான ஃபைல்.”

அவருடைய தலைக்கு மேல் சுவரில் ஒரு சட்டகம் மாட்டியிருந்தது. கொத்தனார்கள் சுவரை நேர் பார்க்கும் தூக்குக்குண்டு ஒன்று மையால் வரையப்பட்டிருந்தது. பெரியவர் கைப்பட வரைந்த அலுவலகச் சின்னம். ஆனால் மேசையில் கிடந்த ஷீட்டில் இருந்தது வேறு சின்னம்: வட்டத்துக்குள் இரண்டு எழுத்து. அக்கா இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

வாசல் பக்கத்து மேசையில் கணக்கம்மா இருந்தார். பெரியவர் காலத்திலிருந்து கணக்கு பார்ப்பவர். அவர் மேசையில் சார்ஜில் கிடந்த ஒரு போன் அடித்தது. எடுத்து, “சார் மீட்டிங்ல இருந்தார், இப்பதான் வந்தார், திரும்பக் கூப்பிடச் சொல்றேன்,” என்று வைத்தார்.

“யார் போன் இது?”

“சின்னவரோடதுதான். சாப்பிடப் போகும்போது சார்ஜ் போடக் குடுத்தார்.”

“காலைல முதல்ல வர்றது யாரு?”

“நான்தான். வந்த உடனே லைட், ஃபேன், அப்புறம் பெரியவர் ரூம்ல அவரோட பழைய மெஷின். அதைப் போட்டுட்டுத்தான் உக்காருவேன்.”

“அதுல யார் வேலை பாக்கறாங்க?”

“யாரும் இல்ல. அணைக்கவே கூடாதுன்னு அவர் இருக்கும்போதே சொல்லுவார். அவர் போனப்புறமும் அது பாட்டுக்கு ஓடிட்டுத்தான் இருந்துச்சு. இப்போ ஒரு மாசமாத்தான் காலைல வந்து பாத்தா அணைஞ்சு கிடக்கு. ராத்திரி கரண்ட் போயிருக்கும்னு நானே போட்டுடுவேன்.”

“அந்த ரூம் எது?”

கணக்கம்மா உள் அறைக் கதவைக் காட்டினார். சின்னவர் மீட்டிங் முடித்து வந்த அதே கதவு.

மதியம் 3.40. அக்கா தங்கையின் மேசைக்குத் திரும்பினாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள்.

“இந்த நீல ஒயர் எதுக்கு?”

“எல்லா மெஷினையும் சேர்க்கிற ஒயர் கா. பெரிய பிரிண்டரும் இது வழியாத்தான்.”

“வீட்ல உன் லேப்டாப்ல இந்த ஒயர் இருக்கா?”

   தங்கையின் கை தானாகவே பின்னால் போய் ஒயரைப் பிடுங்கியது. மெஷினை அணைத்துப் போட்டு ஃபைலைத் தட்டினாள்.

கண் மூடித் திறப்பதற்குள் ஆஸ்பத்திரி எழுந்து நின்றது. தரைத் தளம். அடுத்த ஷீட். அடுத்தது. படிக்கட்டு, லிஃப்ட், குழந்தைகள் வார்டு. விரல் தட்டத் தட்ட ஷீட்டுகள் சீட்டுக்கட்டு மாதிரி புரண்டன. சேவ் கொடுத்தாள். வெளுக்கவில்லை. ஒரு மாதத்தில் முதல்முறையாக மதிய நேரத்தில் அவள் சிரித்தாள்.

“அப்போ ஒயர் கோளாறு,” என்றார் சின்னவர். “சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்க.”

“காலைலயும் இதே ஒயர்தானே சார்,” என்றாள் அக்கா. “ஒயர் வெறும் வழி. இந்தப் படம் ஒவ்வொரு தடவை தொறக்கும்போதும், சேவ் பண்ணும்போதும், ஷீட் மாறும்போதும் அந்த வழியாப் போய் யார் வீட்டுக் கதவையோ தட்டுது. காலைல ஆள் இருக்காங்க, கதவு தொறக்குது. மத்தியானம் ஆள் இல்ல, தொறக்குற வரைக்கும் வாசல்லயே நிக்குது. வழியே இல்லன்னா போகவும் போகாது, நிக்கவும் நிக்காது. அதனாலதான் வீட்ல ஓடுது. யாரைத் தேடுதுன்னு பாக்கணும். உன் படத்துல கண்ணுக்குத் தெரியாம ஏதாவது இருக்கா?”

“அணைச்சு வெச்ச லேயர் எதாவது இருக்கலாம்,” என்றாள் ஸ்கேல். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள் போலத்தான் படம். வேண்டாத தாளைக் கண்ணில் படாமல் மறைத்துவைக்கலாம். மறைத்தாலும் அது படத்துக்குள்ளேதான் இருக்கும்.

“எல்லாத்தையும் போட்டுக் காட்டு.”

போட்டாள். மூலைப் பெயர்க் கட்டத்தில், புதுச் சின்னத்துக்கு அடியில், காலியாக ஒரு சதுரம் தெரிந்தது. அதற்குள் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி: இங்கே இருக்க வேண்டிய படம் எந்த மெஷினில் இருக்கிறது என்ற முகவரி. அந்த மெஷினுக்கு வைத்திருந்த பெயரும் அதிலேயே இருந்தது. பெரியவர்.

ஸ்கேல் வரியைப் படித்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த சட்டகத்தைப் பார்த்தாள்.

“தூக்குக்குண்டு,” என்றாள். “பழைய சின்னம் கா. காலைல பாக்கும்போது எல்லாம் சரியா வந்திருக்குன்னு காட்டுச்சு, நானும் விட்டுட்டேன். ஒவ்வொரு ஷீட்லயும் இது ஒளிஞ்சிருக்கு.”

“யாரு ஒளிச்சது?”

சின்னவரும் சட்டகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“நான்தான்,” என்றார் சின்னவர். “புதுச் சின்னம் வந்தப்போ பழசை எடுக்கணும்னாங்க. அப்பா கையால போட்டது. அழிக்க மனசு வரல. தெரியாம இருந்தாப் போதும்னு மறைச்சு வெச்சேன்.”

“இதை எடுத்துட்டா முடிஞ்சுது,” என்றாள் ஸ்கேல். கை அழிக்கும் விசை வரை போயிற்று. சின்னவரின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

“அதை விடு,” என்றாள் அக்கா. “அது குத்தவாளி இல்ல. இத்தனை வருஷமா ஒளிஞ்சிருந்தும் யாருக்கும் தொந்தரவு குடுக்கல. ஒரு மாசமா என்ன மாறுச்சுங்கறதுதான் கேள்வி. எல்லாரும் வாங்க.”

பெரியவர் அறையில் பழைய மேசை, அதன் மேல் பழைய கம்ப்யூட்டர். ஓடவில்லை. எதிரே சுவரோரம் ஒரு நீளமான புது சோஃபா, ஒரு சின்னத் தலையணை. சோஃபாவின் கைப்பிடி விளிம்பில் கெட்டியான தையல் ஓடியது. தலைமாட்டில், படுத்தபடியே கை எட்டும் உயரத்தில், கம்ப்யூட்டரின் சுவிட்ச். சுவிட்ச் பலகை முழுக்கத் தூசி. அந்த ஒரு சுவிட்ச் மட்டும் பளிச்சென்று இருந்தது.

“இந்த சோஃபா எப்போ வந்தது?”

“ஒரு மாசம் இருக்கும்,” என்றார் கணக்கம்மா. சொன்ன பிறகுதான் அவருக்கும் விஷயம் உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“போன்ல மீட்டிங்னு சொன்னீங்க சார். உங்க போன் சாப்பாட்டு நேரத்துலேர்ந்து கணக்கம்மா மேசைல சார்ஜ் ஆயிட்டு இருக்கு. போன் இல்லாம மீட்டிங் நடக்காது. ஆனா தூக்கம் நடக்கும். உங்க கன்னத்துல இருந்த தையலும் இந்த சோஃபா தையலும் ஒண்ணு. படுக்கும்போது இந்த மெஷின் சத்தம் போட்டுச்சு. கை நீட்டி அணைச்சீங்க. எழுந்ததும் மறந்துட்டீங்க. மறுநாள் காலைல கணக்கம்மா வந்து போடுற வரைக்கும் பெரியவர் பதில் சொல்லல. என் தங்கச்சியோட ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுச்சு. மத்தியானத்தைத் திருடினது நீங்கதான் சார்.”

சின்னவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். 

“சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் படுங்கன்னு டாக்டர் சொன்னார்,” என்றார். “இங்க எல்லாரும் முதுகு ஒடிய வேலை செய்யும்போது நான் மட்டும் தூங்கறேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அந்த மெஷின் லாரி மாதிரி உறுமும் மேடம். தூக்கமே வராது.”

“தூங்கறது குத்தம் இல்ல சார். தன் கையால அணைச்சிட்டு, அடுத்தவ கையைக் குறை சொன்னதுதான் குத்தம்.”

அவர் குனிந்து சுவிட்சைப் போட்டார். பெரியவரின் மெஷின் இருமியது, உறுமியது, வெகுநேரம் யோசித்தது. ஸ்கேல் முன் அறைக்கு ஓடி நீல ஒயரைத் திரும்பச் சொருகினாள். எல்லாரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஃபைலைத் திறந்தாள். ஒரு கணம்தான். மூலையில் இருந்த காலிச் சதுரத்தில் தூக்குக்குண்டு வந்து நேராகத் தொங்கியது. ஷீட்டுகள் புரண்டன. சேவ் நொடியில் முடிந்தது.

“வந்துட்டார்,” என்றார் கணக்கம்மா. கண் கலங்கியிருந்தது.

ஸ்கேல் அதோடு விடவில்லை. தூக்குக்குண்டுப் படத்தைப் பிரதியெடுத்து ஃபைலோடு பக்கத்திலேயே வைத்து, முகவரியையும் மாற்றினாள். தாய் ஃபைலிலும் அதையே செய்தாள். இலையின் மரங்களைத் திரும்பத் தோட்டத்தில் நட்டாள். பிறகு பெரியவர் அறைக்குப் போய் அவளே சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, எல்லா ஷீட்டையும் ஒருமுறை புரட்டிக் காட்டினாள். நிற்கவில்லை.

“இனிமே இது யார் கதவையும் தட்டாது. நீங்க நிம்மதியாத் தூங்கலாம் சார்,” என்றாள்.

“தூக்குக்குண்டை மறுபடியும் மறைக்கட்டுமா?” என்று கேட்டாள் பிறகு.

“வேண்டாம். புதுசுக்குப் பக்கத்துல தெரியற மாதிரி வை,” என்றார் சின்னவர். கொஞ்சம் நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: “உன் கை சரியாத்தான்மா இருந்துச்சு. நான்தான் தப்பாப் பேசிட்டேன்.”

மாலை 4.50. பெரிய பிரிண்டர் கடைசி ஷீட்டைத் துப்பியது. மரங்கள் இலை இலையாக நின்றன. கதவுகள் அரை மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் நின்றன. சின்னவர் ஒவ்வொரு ஷீட்டாக எடுத்து, ‘சரிபார்த்தவர்’ இடத்தில் கையெழுத்துப் போட்டார். ‘வரைந்தவர்’ இடத்தில் ஏற்கெனவே பெயர் இருந்தது. ஸ்கேல் என்று அல்ல, முழுப் பெயர்.

ஐந்துக்கு வந்தவர்கள் ஷீட்டுகளை வாங்கிக்கொண்டு போனார்கள். கிளம்பும்போது அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். சோதனைக்காக முதலில் அடித்துப் பார்த்த குழந்தைகள் வார்டு ஷீட், ஓரம் கசங்கியதால் ஒதுக்கிவைத்தது. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கையோடு வீட்டுக்கு நடந்தாள். அன்று இரவு தங்கை இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

அந்த ஷீட் இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது. புகார் கொடுக்க வருகிறவர்கள் பார்க்கிறார்கள். பிடிபட்டு வருகிறவர்களும் பார்க்கிறார்கள். “இது எந்தக் கேஸ் மேடம்?” என்று கேட்காதவர்கள் குறைவு.

“கேஸ் முடிஞ்சுபோச்சு. மூலைல கட்டம் இருக்கு பாரு, அதுல ‘வரைந்தவர்’னு போட்டிருக்கிறதைச் சத்தமாப் படி,” என்பாள்.

படிப்பார்கள். அலுவலகத்தில் யாருமே சொல்லாத அந்த முழுப் பெயர் ஸ்டேஷனில் எல்லாருக்கும் மனப்பாடம்.

“என் தங்கச்சி,” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் அவர்களுடைய புகாரைக் கேட்கத் தொடங்குவாள்.